கதவிடுக்கில் வந்த மெனு: அமெரிக்காவின் சீனப் பார்சல் சாப்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பிப் பிடி வைத்த வெள்ளைக் காகிதப் பெட்டியை அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர்களில் எல்லோரும் பார்த்திருப்போம். இரவு வேலை முடிந்து வீடு திரும்பும் ஆள் அந்தப் பெட்டியைத் திறந்து நூடுல்ஸ் சாப்பிடுவார். அந்தப் பெட்டி எங்கிருந்து வந்தது, அதைச் சைக்கிளில் கொண்டுவந்து தந்தவர் யார் என்று என்னிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். தெரிந்ததை இங்கே எழுதியிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம். சிலவற்றுக்கு நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

அமெரிக்காவில் சீனர்கள் எப்போது உணவகம் நடத்த ஆரம்பித்தார்கள்?

கலிபோர்னியாவில் தங்கம் கிடைத்த காலத்திலேயே. 1849-இல் சான் பிரான்சிஸ்கோவில் 'கேன்டன்' என்ற பெயரில் ஒரு சீன உணவகம் இருந்தது. அந்த வருடக் கடைசியில் அங்கே சுமார் 300 சீனர்கள் கூடி ஒரு கூட்டம் நடத்தினார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் தென் சீனாவின் குவாங்டோங் மாகாணத்துக்காரர்கள். அதிலும் தோய்சான் என்ற ஒரே வட்டாரத்திலிருந்து வந்தவர்கள் மிக அதிகம். கடை வாசலில் மஞ்சள் துணிக் கொடி பறந்தால் உள்ளே சாப்பாடு உண்டு என்று அர்த்தம். ஒரு டாலர் கொடுத்தால் வயிறு நிறையச் சாப்பிடலாம் என்பதால் வெள்ளைக்காரச் சுரங்கக்காரர்களும் அங்கே போய்ச் சாப்பிட்டார்கள்.

தங்கம் தோண்ட வந்தவர்கள் ஏன் அடுப்படிக்கும் சலவைக் கடைக்கும் போனார்கள்?

மற்ற வேலைகளிலிருந்து துரத்தப்பட்டார்கள், அதனால்தான். 1850-களில் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் மீது தனி வரி போட்டார்கள். கண்டம் கடக்கும் ரயில் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். 1869-இல் பாதை முடிந்ததும் அந்த வேலையும் போனது. பிறகு நகரங்களுக்கு வந்தார்கள், அங்கே "எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள்" என்ற கூச்சல் எழுந்தது. 1871-இல் லாஸ் ஏஞ்சலஸிலும் 1885-இல் வயோமிங்கின் ராக் ஸ்பிரிங்ஸிலும் சீனர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றார்கள். ராக் ஸ்பிரிங்ஸில் மட்டும் இறந்தவர்கள் 28 பேர்.

சமைப்பதும் துவைப்பதும் பெண்கள் வேலை என்று அன்றைய அமெரிக்க ஆண்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். போட்டி இல்லாமல் மிச்சம் இருந்தது அது மட்டும்தான். சீனர்களுக்குச் சமையல் இயல்பாக வரும், அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சிலர் எழுதுவதைப் படிக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்து இளைஞர்கள். கரண்டி பிடிக்கவே இங்கே வந்துதான் கற்றுக்கொண்டார்கள்.

1882-இல் சீனர்கள் வரவே தடை போட்டார்கள். அப்புறம் உணவகங்கள் எப்படிப் பெருகின?

இந்தக் கதையின் மையமே இந்தக் கேள்விதான்.

1882-இல் வந்த சீனர் விலக்குச் சட்டம் கூலித் தொழிலாளர்கள் உள்ளே வருவதைத் தடுத்தது. ஆனால் வணிகர், மாணவர், ஆசிரியர், தூதர் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு. வணிகர் என்ற தகுதி இருந்தால் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாம், மனைவி பிள்ளைகளை அழைத்து வரலாம். தகுதி இல்லாதவர் ஊருக்குப் போனால் திரும்பி வர முடியாது. கல்யாணமாகி ஒரே மாதத்தில் கப்பல் ஏறி, அடுத்த முப்பது வருடம் மனைவியின் முகத்தையே பார்க்காமல் இருந்தவர்கள் அந்தத் தலைமுறையில் உண்டு.

உணவகம் நடத்துபவரை முதலில் அதிகாரிகள் வணிகராகக் கணக்கில் எடுக்கவில்லை. 1915-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு அதை மாற்றியது: உணவக உரிமையாளரும் வணிகரே. கதவு திறந்தது, ஆனால் ஒரு சாண் அளவுதான். கடை தரமானதாக இருக்க வேண்டும். அதில் பெரிய அளவில் பணம் போட்டிருக்க வேண்டும். நிர்வாகம் பார்க்கலாம், ஆனால் குறைந்தது ஒரு வருடம் பாத்திரம் கழுவுவது, பரிமாறுவது போன்ற உடலுழைப்பு எதுவும் செய்திருக்கக் கூடாது. அதை வெள்ளைக்காரச் சாட்சிகள் இருவர் உறுதி சொல்ல வேண்டும்.

அவ்வளவு பணம் தனி ஆளிடம் ஏது? உறவினர்களும் ஒரே ஊர்க்காரர்களும் பணத்தைச் சேர்த்துப் போட்டுப் பெரிய கடையாகத் திறந்தார்கள். பங்காளிகளில் ஒருவர் ஒரு வருடம், ஒன்றரை வருடம் நிர்வாகியாக இருப்பார். தகுதி கிடைத்ததும் ஊருக்குப் போய்க் குடும்பத்தைப் பார்ப்பார், அல்லது மகனை அழைத்து வருவார். அடுத்து இன்னொரு பங்காளியின் முறை. நம் ஊரில் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பணம் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே முறை வைத்து எடுத்தது மனைவி மக்களைப் பார்க்கும் உரிமையை.

இதனால்தான் 1910-க்கும் 1930-க்கும் நடுவில் நியூயார்க்கில் சீன உணவகங்கள் பல மடங்கு பெருகின. அமெரிக்கர்களின் நாக்கு மாறியதும் ஒரு காரணம்தான். ஆனால் கடை திறந்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால், அது ஒரு குடியேற்றச் சட்டத்துக்கு அவர்கள் கண்டுபிடித்த பதில். அந்த விலக்குச் சட்டம் 1943 வரை நீடித்தது. நீக்கிய பிறகும் வருடத்துக்கு 105 பேருக்குத்தான் அனுமதி.

சாப் சூயி உண்மையிலேயே சீன உணவா?

பெயர் சீனம். பல துண்டு துணுக்குகளைக் கலந்தது என்று பொருள், தோய்சான் பக்கத்தில் அப்படி ஒரு பதார்த்தம் இருந்ததாகவும் சொல்வார்கள். 1896-இல் நியூயார்க் வந்த சீன ராஜதந்திரி லி ஹொங்ஜாங்குக்காக இது அவசரமாகக் கண்டுபிடிக்கப்பட்டது என்ற கதை பொய். அவர் வருவதற்குப் பன்னிரண்டு வருடம் முன்பே, 1884-இல், வோங் சின் ஃபூ என்ற சீன அமெரிக்கப் பத்திரிகையாளர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் அது முளைப்பயறு, செலரித் தண்டு, இறைச்சி, கெட்டியான குழம்பு என்று ஆளே மாறிப்போனது. 1920-களில் மத்தியதர அமெரிக்கக் குடும்பங்களின் சனிக்கிழமைச் சாப்பாடு அதுதான்.

அந்த வெள்ளைப் பெட்டி சீனாவிலிருந்து வந்ததா?

இல்லை. சீனாவில் யாரும் அந்தப் பெட்டியில் சாப்பாடு வாங்குவதில்லை. அது அமெரிக்கர்கள் சிப்பி வாங்கிப் போன வாளி.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் சிப்பி மலிவு, ஏழைகளும் தினம் சாப்பிட்டார்கள். ஓட்டை உடைத்து எடுத்த ஈரமான சிப்பிச் சதையை வீட்டுக்குக் கொண்டுபோக ஏதாவது ஒன்று வேண்டும். சிகாகோவைச் சேர்ந்த ஃபிரெடெரிக் வில்காக்ஸ் 1894 நவம்பரில் ஒரு காகித வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரே தாளை மடித்துச் செய்வது. அடியிலும் மூலைகளிலும் வெட்டே கிடையாது என்பதால் எளிதில் ஒழுகாது. அதை இறுக்கிப் பிடிப்பது கம்பிப் பிடி.

பிறகு சிப்பிகள் குறைந்தன. அளவுக்கு மீறி எடுத்ததும், கடலோரத் தண்ணீர் கெட்டுப்போனதும் காரணம். வாளி மட்டும் மிஞ்சியது. குழம்பு ஒழுகாத, சூடு தாங்குகிற, மலிவான பெட்டி தேடிக்கொண்டிருந்த சீன உணவகங்கள் அதை எடுத்துக்கொண்டன. சிவப்பு நிறப் புத்த கோபுரப் படமும் 'நன்றி' என்ற சொல்லும் 1970-களில் பெட்டி செய்யும் கம்பெனியின் ஓவியர் ஒருவர் சேர்த்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கம்பியைக் கழற்றிவிட்டு மடிப்புகளை விரித்தால் அந்தப் பெட்டியே தட்டாகிவிடும். கம்பியோடு மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள்.

வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பது எப்போது ஆரம்பித்தது?

நாம் நினைப்பதைவிட முன்னால். 1922-இல் லாஸ் ஏஞ்சலஸில் கின்-சூ என்ற உணவகம், மேற்குக் கரையிலேயே அசல் சீனச் சாப்பாட்டைச் செய்து வீட்டுக்கும் அனுப்புவது தாங்கள் மட்டுமே என்று விளம்பரம் செய்தது. தொலைபேசியில் சொன்னால் போதும், நள்ளிரவு தாண்டியும் கிடைக்கும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் புறநகர்கள் பெருகியபோது சீனப் பார்சலும் கூடவே வளர்ந்தது. வறுத்த சோறும் குழம்பும் அரை மணி நேரம் பெட்டிக்குள் இருந்தாலும் கெடுவதில்லை. அப்படித் தாங்காத பதார்த்தங்கள் மெனுவிலிருந்து மெல்ல மறைந்தன.

கதவிடுக்கில் மெனுவைச் செருகும் வழக்கத்தை யார் தொடங்கினார்கள்?

மிசா சாங் என்ற பெண்மணியின் பெயரைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். 1976-இல் மன்ஹாட்டனின் அப்பர் வெஸ்ட் சைடில், பிராட்வேயும் 97-ஆம் தெருவும் சந்திக்கும் இடத்தில், எம்பயர் செச்சுவான் கூர்மே என்ற உணவகத்தை அவர் நடத்தினார்.

அந்த இடத்தையும் காலத்தையும் நினைத்துப் பார்த்தால்தான் அவர் செய்தது புரியும். அதற்கு முந்தைய வருடம்தான் நியூயார்க் நகரம் திவாலாகும் நிலைக்குப் போய்த் தப்பியது. போலீஸ்காரர்களையே வேலையை விட்டு நீக்கியிருந்தார்கள். இருட்டிய பிறகு அந்தப் பக்கம் வெளியே நடக்கப் பலருக்குப் பயம். அதே நேரத்தில் பெண்கள் அதிகமாக அலுவலகம் போக ஆரம்பித்திருந்தார்கள், சின்ன அடுக்கு வீடுகளில் தனியாக இருப்பவர்கள் பெருகினார்கள். ஆக, பசியோடு வீட்டுக்குள் ஆட்கள் இருக்கிறார்கள், கடையில் கூட்டம் இல்லை.

மிசா சாங் மெனுவை அச்சடித்து அடுக்குமாடிக் கட்டடங்களுக்குள் போய் ஒவ்வொரு கதவுக்கடியிலும் தள்ளினார். போன் செய்தால் போதும், சூடாக வீட்டு வாசலுக்கே வரும், அதற்குத் தனிக் காசு இல்லை. தொலைபேசி மணி அடிக்க ஆரம்பித்தது. அந்தக் கடை பல கிளைகளாக வளர்ந்தது. பக்கத்துக் கடைகள் அதைப் பார்த்து அதையே செய்தன. பத்து வருடத்தில் நியூயார்க்கின் எந்த அடுக்குமாடிக் கட்டடத்திலும் வீட்டு வாசலில் மெனு கிடக்கும் என்ற நிலை வந்துவிட்டது.

செச்சுவான் என்ற பெயரையும் கவனியுங்கள். 1965-இல் குடியேற்றச் சட்டம் மாறியது. 1972-இல் நிக்சன் பீஜிங் போய் வந்தார், அந்த விருந்துகளைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கர்கள் சாப் சூயியைத் தாண்டி வேறு ஏதாவது வேண்டும் என்றார்கள். தைவானிலிருந்தும் ஹாங்காங்கிலிருந்தும் வந்த புதிய சமையல்காரர்கள் செச்சுவான், ஹூனான் என்று காரமான பக்கத்துச் சமையலைக் கொண்டுவந்தார்கள். அந்த அலையில் திறந்த கடைகளில் ஒன்றுதான் அது.

வீட்டு வாசலில் தினமும் காகிதம் குவிந்தால் மக்கள் எரிச்சலடையவில்லையா?

அடைந்தார்கள். 1990-களில் அப்பர் வெஸ்ட் சைடில் இது பெரிய சண்டையாகவே இருந்தது. 'மெனு போடாதே' என்று ஆங்கிலத்திலும் சீனத்திலும் வாசலில் எழுதி ஒட்டினார்கள். வீட்டில் ஆள் இல்லை என்பதை வாசலில் குவிந்த மெனு திருடனுக்குக் காட்டிக்கொடுக்கிறது என்ற புகாரும் உண்டு, அது நியாயமான கவலைதான். பின்னர் நியூயார்க் மாநிலத்தில் சட்டமே வந்தது. வேண்டாம் என்று பலகை வைத்த வீட்டில் விளம்பரத் தாள் போட்டால் அபராதம்.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அதில் அதிகம் திட்டு வாங்கியவர், சம்பளத்துக்காக மாடி மாடியாக ஏறிய ஆள்.

எந்த ஊருக்குப் போனாலும் மெனு ஏன் ஒரே மாதிரி இருக்கிறது?

தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. பெரும்பாலும் தனித்தனிக் குடும்பக் கடைகள்தான். அப்படியிருந்தும் ஒரே வரிசை, ஒரே எண்கள், காரத்துக்கு மிளகாய்ப் படம், மதியச் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டம், பைன்ட், குவார்ட் என்று இரண்டு அளவு.

சில அச்சகங்களே ஏராளமான கடைகளுக்கு அச்சடித்துக் கொடுத்தது ஒரு காரணம். அதைவிட முக்கியமானது, சமையல்காரர் நகர்ந்துகொண்டே இருக்கிறார். இன்று ஒஹையோவில் வாணலி பிடித்தவர் அடுத்த மாதம் ஜார்ஜியாவில் பிடிப்பார். இரண்டு கடையிலும் ஒரே பண்டங்கள் இருந்தால் முதல் நாளே வேலையில் இறங்கலாம்.

மெனுவில் 'ஜெனரல் ட்ஸோ கோழி' என்று இருக்கிறதே, அந்த ஜெனரல் ட்ஸோ யார்? அவருக்கும் கோழிக்கும் என்ன சம்பந்தம்?

ட்ஸோ ஸோங்டாங் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹூனானில் பிறந்த தளபதி. 1885-இல் இறந்தார். இந்தக் கோழியை அவர் ருசித்ததே இல்லை.

செய்தவர் பெங் சாங்-குவெய், அவரும் ஹூனான்காரர். உள்நாட்டுப் போருக்குப் பின் தைவானுக்குப் போனவர். 1950-களில் அங்கே ஓர் அமெரிக்கக் கடற்படைத் தளபதிக்கு அளித்த விருந்தில் இதைச் சமைத்துத் தம் ஊர் வீரரின் பெயரை வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அவருடைய சமையலில் புளிப்பு, உப்பு, காரம், பூண்டு உண்டு. சர்க்கரை கிடையாது. நியூயார்க் சமையல்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து, மாவில் முக்கிப் பொரித்து, இனிப்பு சேர்த்தார்கள். 1973-இல் பெங் நியூயார்க்கில் கடை திறந்தபோது அவருடைய பண்டம் அவருக்கு முன்பே வேறு வேஷத்தில் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. 2016-இல் 98 வயதில் தைவானில் காலமானார்.

பார்சலோடு வரும், உள்ளே சின்னச் சீட்டு வைத்த பிஸ்கட்டான ஃபார்ச்சூன் குக்கி யாருடையது?

ஜப்பானியர்களுடையது. கியோட்டோ பக்கம் கோயில்களுக்கு அருகே இன்றும் அதைப் போன்ற பெரிய, கறுத்த பிஸ்கட்டைச் சுடுகிறார்கள். கலிபோர்னியாவில் ஜப்பானிய ரொட்டிக் கடைகள் அதைச் செய்தன. 1942-இல் ஜப்பானிய அமெரிக்கர்களை முகாம்களில் அடைத்தபோது அந்தக் கடைகள் மூடப்பட்டன, தொழில் சீனர்களின் கைக்குப் போனது. 2005 மார்ச்சில் ஒரு லாட்டரியில் இரண்டாம் பரிசை 110 பேர் வென்றார்கள். அதிகாரிகள் மோசடியோ என்று பதறி விசாரித்தால், எல்லோரும் ஒரே பிஸ்கட் கம்பெனியின் சீட்டில் இருந்த எண்களைக் கட்டியவர்கள்.

அஜினமோட்டோ உடம்புக்குக் கெடுதல் என்ற பேச்சு அங்கிருந்து வந்ததா?

பெரும்பாலும் ஆமாம். 1968-இல் ஒரு மருத்துவர், சீன உணவகத்தில் சாப்பிட்டால் தமக்குக் கழுத்து மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது என்று மருத்துவ இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். சமையல் ஒயினா, உப்பா, அஜினமோட்டோ என்று நாம் சொல்லும் மோனோசோடியம் குளூட்டமேட்டா என்று சந்தேகத்தைத்தான் எழுப்பினார். இதழ் அதற்குச் 'சீன உணவக நோய்' என்ற தலைப்பைக் கொடுத்தது. பிறகு நடந்த கட்டுப்பாடான சோதனைகளில் அந்தத் தொடர்பு உறுதியாகவில்லை. ஆனால் டப்பா சூப்பிலும் சிப்ஸிலும் அதே அஜினமோட்டோ இருக்க, 'இங்கே சேர்ப்பதில்லை' என்று பலகை மாட்ட வேண்டிய நிலைமை சீனக் கடைகளுக்கு மட்டும் வந்தது. நம் ஊர் வரை அந்தப் பயம் பரவியிருக்கிறது.

அங்கே நாம் சைவமாகச் சாப்பிட முடியுமா?

முடியும், கேட்டு வாங்க வேண்டும். காய்கறி என்று மெனுவில் போட்டிருந்தாலும் குழம்பில் சிப்பிச் சாஸ் அல்லது கோழிச் சாறு இருக்கலாம். 'சிப்பிச் சாஸ் வேண்டாம், கோழிச் சாறு வேண்டாம்' என்று இரண்டையும் தனித்தனியாகச் சொல்லுங்கள். புத்தர் பெயரில் வரும் காய்கறிக் கலவை ஓரளவு நம்பகமானது.

சமைப்பவர்களும் டெலிவரி செய்பவர்களும் யார்?

1980-களுக்குப் பின் பெரும்பாலும் ஃபூஜியான் மாகாணத்தவர், அதிலும் ஃபூஜோ நகரத்தைச் சுற்றியுள்ள கிராமத்துக்காரர்கள். பலர் ஆள்கடத்தும் தரகர்களுக்கு 30,000 டாலர் அளவுக்குக் கடன்பட்டு வந்தார்கள். 1993 ஜூன் 6 அதிகாலை 'கோல்டன் வென்ச்சர்' என்ற பழைய கப்பல் நியூயார்க்கின் ராக்கவே கடற்கரையில் தரை தட்டியது. உள்ளே 286 பேர். குளிர்ந்த கடலில் குதித்தவர்களில் 10 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் பென்சில்வேனியாச் சிறையில் மூன்றரை வருடத்துக்கும் மேல் இருந்தார்கள். அங்கே கிடைத்த காகிதத்தை மடித்துக் கழுகு, கோபுரம், கப்பல் என்று ஆயிரக்கணக்கில் சிற்பங்கள் செய்தார்கள்.

வந்து சேர்ந்தவர்கள் மன்ஹாட்டன் சைனாடவுனின் ஈஸ்ட் பிராட்வேயில் வேலைத் தரகு அலுவலகங்களுக்குப் போவார்கள். எந்த வேலை, என்ன சம்பளம், பேருந்தில் எத்தனை மணி நேரம் என்று அங்கே எழுதியிருக்கும். ஊர்ப் பெயருக்குப் பதில் தொலைபேசிக் குறியீட்டு எண் இருக்கும். ஆங்கிலம் தெரியாதவருக்கு அலபாமா என்பதைவிட மூன்று இலக்கம் எளிது. அன்று இரவே பேருந்து ஏறிவிடுவார். வாரத்தில் ஆறு நாள், தினம் பன்னிரண்டு மணி நேரம் வேலை, தங்க இடம் முதலாளி கொடுப்பது.

டெலிவரிக்காரர்களின் பாடு இன்னும் மோசம். மன்ஹாட்டனில் ஓர் உணவகத்தின் டெலிவரிக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மணிக்கு 2 டாலர்கூடக் கிடைக்காமல் வேலை செய்திருந்தார்கள், கதவு சத்தமாகச் சாத்திக்கொண்டால்கூட அபராதம். 2008-இல் நீதிமன்றம் 36 பேருக்குச் சேர்த்து 46 லட்சம் டாலர் தர உத்தரவிட்டது.

2005 ஏப்ரலில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் ஓர் உயரமான கட்டடத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனவர் திரும்பவில்லை. கொள்ளையடித்துக் கொன்றிருப்பார்கள் என்று போலீசார் வீடு வீடாகத் தேடினார்கள். அதற்கு முன் அப்படி டெலிவரிக்காரர்கள் கொல்லப்பட்டிருந்ததால் எல்லோருக்கும் அதே பயம். அவர் அந்தக் கட்டடத்தின் லிஃப்டிலேயே மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளி இரவிலிருந்து செவ்வாய் காலை வரை, 81 மணி நேரம், சோறு தண்ணீர் இல்லாமல். இதைப் படித்த பிறகு, கதவைத் திறந்து பொட்டலத்தை வாங்கும் ஒவ்வொரு முறையும் கொண்டுவந்தவரின் முகத்தைப் பார்த்து நன்றி சொல்கிறேன்.

ஆப்கள் வந்தபின் என்ன ஆனது?

காகித மெனு குறைந்துவிட்டது. சாப்பாடு ஆர்டர் எடுக்கும் கம்பெனிகளான சீம்லெஸ் 1999-இலும் கிரப்ஹப் 2004-இலும் தொடங்கின, 2013-இல் ஒன்றாயின. முன்பு போனில் வந்த ஆர்டரின் பணம் முழுவதும் கடைக்கு. இப்போது ஒரு பங்கு ஆப் கம்பெனிக்கு, அது 30 சதவீதம் வரைகூடப் போகும். குறைந்த லாபத்தில் ஓடும் கடைக்கு இது பெரிய அடி. கொரோனா காலத்தில் நியூயார்க் நகரம் அதற்கு உச்சவரம்பு போட்டது. 2023 கடைசியில் ஆப் டெலிவரிக்காரர்களுக்கு மணிக்கு 17.96 டாலர் குறைந்தபட்ச ஊதியம் வந்தது. தெருவில் நின்று போராடி அவர்கள் வாங்கியது அது.

கடை வைத்த பெற்றோரின் பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அடுப்படியில் நின்ற அப்பா அம்மா விரும்பியதும் அதைத்தான்.

பழைய மெனுக்களை யாராவது சேர்த்து வைத்திருக்கிறார்களா?

ஆமாம். 1981-இல் நியூயார்க்குக்குக் குடிவந்த ஹார்லி ஸ்பில்லர் என்பவரின் அப்பர் வெஸ்ட் சைடு வீட்டுக் கதவுக்கடியில் ஒரு சீன மெனு வந்து விழுந்தது. அவர் அதைக் குப்பையில் போடவில்லை. அடுத்ததையும் போடவில்லை. கடைசியில் சுமார் 10,000 மெனுக்கள் சேர்ந்து கின்னஸ் சாதனையானது, பத்தொன்பதாம் நூற்றாண்டு மெனுக்களும் அதில் உண்டு. 2014-இல் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாக நூலகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. தமிழர்கள் நிறைய வாழும் பகுதி அது, அங்கிருக்கும் வாசகர்கள் ஒருமுறை நூலகத்தில் விசாரித்துப் பாருங்கள். சாப் சூயியின் விலை ஒவ்வொரு பத்தாண்டிலும் எப்படி ஏறியது, அது எந்த வருடத்தில் மெனுவின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கத்துக்குப் போனது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருக்கிறது.